மதகு கசியும் ஏரி: வலிப்பு மாத்திரையும் எலும்பின் கணக்கும்

மடுகரை புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஊர். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. இங்கிருந்தும், வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் காலை பஸ் பிடித்து நகரத்து மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களில் மாதாமாதம் தவறாமல் போகும் சிலர் உண்டு. அவர்களுக்குச் சர்க்கரையும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை. "நரம்புக்கு மாத்திரை வாங்கப் போறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். பையில் இருப்பது வலிப்பு மாத்திரை.

அந்த மாத்திரை அவர்களுக்குப் பெரிய வரம். பள்ளிக்கூடத்தில், வயல் வரப்பில், கிணற்றடியில் விழுந்து கிடந்தவர் பத்து ஆண்டுகளாக ஒருமுறைகூட விழவில்லை என்றால், அந்த வீட்டின் நிம்மதியை எந்த எண்ணாலும் அளக்க முடியாது. ஆனால் அதே பத்து, பதினைந்து ஆண்டுகளில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. எலும்பு வலுவிழக்கிறது. ஒருநாள் வாசற்படியில் கால் இடறி, யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு விழுகையில், மணிக்கட்டோ இடுப்போ முறிகிறது. கட்டுப் போடுகிறார்கள். முறிவையும் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஆள் இருப்பதில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். வலிப்பு மாத்திரையை எழுதித் தரும் கை, அதே சீட்டில் எலும்புக்கும் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கான அறிவு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மிடம் இருக்கிறது, செலவும் பெரிதில்லை.

நான்கு பழைய மாத்திரைகள்

கிராமத்து நோயாளிகளின் கையில் இன்றும் அதிகம் புழங்குபவை நான்கு மருந்துகள். பினோபார்பிட்டோனின் வலிப்படக்கும் குணத்தை 1912இல் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் ஹாப்ட்மன் கண்டறிந்தார். ஃபெனிட்டாயினை 1938இல் பாஸ்டன் நகரில் மெரிட், பட்னம் ஆகிய இருவர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். 'எப்டாயின்' என்று நம் ஊரில் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது இதுதான். கார்பமாசெபின் 1953இல் ஸ்விட்சர்லாந்தின் கைகி நிறுவனத்தில் உருவானது. வால்ப்ரோயேட் வலிப்பைத் தடுக்கும் என்பது 1962இல் பிரான்சின் கிரனோபிளில் ஏறக்குறையத் தற்செயலாகத் தெரியவந்தது. அதுவரை அது மற்ற மருந்துகளைக் கரைக்கும் திரவமாகத்தான் பயன்பட்டது. அதில் எதைக் கரைத்துக் கொடுத்தாலும் சோதனை எலிகளுக்கு வலிப்பு வரவில்லை என்றதும்தான், வேலை செய்வது கரைபொருள் அல்ல, கரைப்பான்தான் என்று புரிந்தது.

விலை குறைவு, அரசு மருத்துவமனைகளில் இலவசம், நீண்ட அனுபவம் என்று இவற்றுக்கு வலுவான பக்கங்கள் உண்டு. கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரத்தில் டாக்டர் கே. எஸ். மணியும் சக மருத்துவர்களும் நடத்தி, 2001இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, பினோபார்பிட்டோனும் ஃபெனிட்டாயினும் மட்டும் கொண்டே கிராமத்து மக்களின் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டியது. வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய கணக்கெடுப்பில் ஆயிரம் பேரில் 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழு நீர்க்கட்டி தொடர்பாக இருந்தது. அந்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டால், பத்தாயிரம் பேர் வாழும் பகுதியில் சுமார் 38 பேர். அவர்களில் பலருக்கு மாத்திரை ஓராண்டு, ஈராண்டோடு முடியும் விஷயமல்ல.

ஆகவே இந்த மாத்திரைகள் வேண்டும். இவற்றைக் குறை சொல்லி ஒதுக்குவது யாருக்கும் உதவாது. இவை எலும்பில் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டு ஈடுகட்டுவதே நம் வேலை.

பாகூர் ஏரியும் கல்லீரலும்

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. தென்பெண்ணையில் வெள்ளம் போனாலும், வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும், ஏரியின் மதகு கசிந்துகொண்டே இருந்தால் கோடையில் கழனிக்குத் தண்ணீர் நிற்காது. நம் உடம்பில் வைட்டமின் டி இருப்பதும் அப்படித்தான். தோலில் வெயில் பட்டு உருவாவது வரத்து; கல்லீரல் அதைச் சேமிப்பு வடிவத்துக்கு மாற்றி இரத்தத்தில் விடுகிறது; சிறுநீரகம் அதைச் செயல்படும் ஹார்மோனாக மாற்றுகிறது. அந்த ஹார்மோன்தான் குடலிலிருந்து கால்சியத்தை இழுத்துக் கொடுக்கிறது.

ஃபெனிட்டாயின், பினோபார்பிட்டோன், கார்பமாசெபின் மூன்றும் கல்லீரலின் நொதிகளைத் தூண்டுபவை. அந்நிய மருந்துகளைச் சிதைத்து வெளியேற்ற உடம்பு வைத்திருக்கும் நொதிக்கூட்டம் இவற்றால் பெருகுகிறது. பெருகிய நொதிகள் மருந்தோடு நிற்பதில்லை. வைட்டமின் டியையும் பயனற்ற பொருளாகச் சிதைத்துவிடுகின்றன. மதகு கசிகிறது. வரத்து அதே அளவாக இருந்தாலும் இருப்பு இறங்குகிறது.

இருப்பு இறங்கினால் குடல் எடுக்கும் கால்சியம் குறையும். இரத்தத்தில் கால்சியம் குறைவதை உடம்பு பொறுக்காது. இதயமும் தசையும் அதை நம்பியே இயங்குகின்றன. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் உடனே தம் ஹார்மோனை அதிகம் சுரந்து, எலும்பில் இருக்கும் கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குக் கொண்டுவருகின்றன. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாகத் தெரியும். அந்தச் சரியான எண்ணுக்கு விலை கொடுத்திருப்பது எலும்பு.

வால்ப்ரோயேட் இந்த நொதிகளைத் தூண்டுவதில்லை. ஆனாலும் அதை உட்கொள்பவர்களிடமும் எலும்பு பலவீனம் காணப்படுகிறது. எலும்பைக் கட்டும் செல்களின் மீதும் சிறுநீரக நுண்குழாய்களின் மீதும் அது நேரடியாகச் செயல்படுவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லோருடைய கல்லீரலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதியின் மரபணு வேறுபாடுகளைத் தென்னிந்தியரிடம் ஆராய்ந்தவர்கள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மருந்தியல் துறையினர். ஒரே அளவு மாத்திரை ஒருவர் உடம்பில் சீக்கிரம் கரைந்து, இன்னொருவரிடம் தேங்குவதற்கான காரணத்தின் ஒரு பகுதியை அவர்கள் நம் மக்களிடமே அளந்து காட்டினார்கள். மடுகரைக்காரர் மாத்திரை வாங்கப் போகும் அதே ஊரில் நடந்த ஆராய்ச்சி இது.

எலும்பில் நடக்கும் இரண்டு கேடுகள்

எலும்பு பலவீனம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு கேடுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, எலும்பின் அளவே குறைந்து சல்லடையாவது. இதை எலும்புப்புரை என்கிறார்கள். ஆஸ்டியோபோரோசிஸ் என்பது மருத்துவப் பெயர். மற்றது, எலும்பின் சட்டகம் இருந்தும் அதில் சுண்ணாம்புச்சத்து ஏறாமல் மெத்தென்று ஆவது. இது ஆஸ்டியோமலேசியா. கம்பி கட்டிய பிறகு சிமெண்டு கலவை இறுகாமல் போன தூண் போன்றது. குழந்தைகளுக்கு வந்தால் இதையே ரிக்கெட்ஸ் என்கிறோம்.

வலிப்பு மருந்துகளுக்கும் இந்தக் கேட்டுக்கும் உள்ள தொடர்பு 1968இல் ஜெர்மனியில் கவனத்துக்கு வந்தது. 1970இல் லண்டனில் சார்லஸ் டென்ட் குழுவினர் நீண்டகால வலிப்பு மருந்தால் வரும் ஆஸ்டியோமலேசியாவை 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் விவரித்தார்கள். அதன் பிறகு சான்றுகள் அடுக்கடுக்காக வந்தன. டென்மார்க்கில் எலும்பு முறிந்த 1,24,655 பேரை, முறியாத மூன்று மடங்கு பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. கல்லீரல் நொதிகளைத் தூண்டும் வலிப்பு மருந்துகளை உட்கொண்டவர்களுக்கு முறிவு வாய்ப்பு 38 சதவீதமும், தூண்டாத மருந்துகளை உட்கொண்டவர்களுக்கு 19 சதவீதமும் கூடுதலாக இருந்தது. பினோபார்பிட்டோனில் மட்டும் இது 79 சதவீதம். பிரிட்டனில் 2006இல் வந்த ஆய்வு ஆண்டுக்கணக்கின் முக்கியத்துவத்தைக் காட்டியது: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து எடுத்தவர்களிடம் முறிவு வாய்ப்பு நான்கு மடங்குக்கும் சற்று மேல்.

இது முதுமையின் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில், வலிப்பு மருந்து எடுத்துவந்த 25 முதல் 44 வயது ஆண்கள் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஆண்டுக்கு 1.8 சதவீத அடர்த்தியை இழந்திருந்தார்கள். 2008இல் மாதவிடாய் நிற்காத இளம் பெண்களைப் பின்தொடர்ந்தபோது, ஃபெனிட்டாயின் மட்டும் எடுத்தவர்கள் ஒரே ஆண்டில் அதே இடத்தில் 2.6 சதவீதம் இழந்திருந்தார்கள். உழைப்பின் உச்சத்தில் இருக்க வேண்டிய வயது அது. மாதவிடாய் நின்ற பிறகு எல்லாப் பெண்களுக்கும் வரும் தேய்மானம் இந்த இழப்பின் மேல்தான் வந்து சேரும்.

வலிப்பே எலும்பை உடைக்கவும் செய்யும். விழுவதால் மட்டுமல்ல, தசைகள் இறுகும் வேகத்தில் முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்கலாம், தோள் பின்பக்கமாக நழுவலாம். அதனால்தான் எலும்புக்குப் பயந்து மாத்திரையை விடுவது இரட்டை ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இடைவிடாமல் தொடர்ந்து உயிருக்கே கேடாகலாம். இதைப் படிப்பவர் யாரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது.

இவ்வளவு வெயிலில் வைட்டமின் டி குறையுமா?

மேலே சொன்ன அளவுகள் பெரும்பாலும் வெயில் குறைந்த நாடுகளில் எடுத்தவை. நம் கழனியில் நிற்கும் வெயிலுக்கு இதெல்லாம் வராது என்று நினைக்கத் தோன்றும். திருப்பதியில் டாக்டர் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையைத் திருத்துகின்றன. கிராமத்தவரின் வைட்டமின் டி நகரத்தவரைவிட மேலாக இருந்தது. ஆயினும் ஆரோக்கியமானவர்கள் பலரிடமே அது போதாமல் இருந்தது. உணவில் கால்சியம் பரிந்துரைத்த அளவைவிட மிகக் குறைவு. அதிலும் கிராமத்தில் இன்னும் குறைவு. தானியங்களில் இருந்து கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருளின் விகிதம் கிராமத்து உணவில் அதிகம்.

வெயிலைப் பற்றி அதே குழு எளிய சோதனை ஒன்றைச் செய்தது. வைட்டமின் டிக்கு மூலமான பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து, பகலின் ஒவ்வொரு மணி நேர வெயிலிலும் காட்டிப் பார்த்தார்கள். அது நன்றாக மாறியது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைக்குள். காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் விடியலில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறப் பார்ப்பார்கள். தலையில் முக்காடு, முழங்கை வரை சட்டை, குனிந்த முதுகில் புடவை. வெயிலில் வேலை செய்வது வேறு, வெயில் தோலில் படுவது வேறு. கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி உருவாக இன்னும் நேரம் வேண்டும். உச்சி வெயிலில் நின்று மயங்கி விழச் சொல்லவில்லை. கழனி வேலை செய்கிறார் என்ற காரணத்துக்காகவே ஒருவருக்கு வைட்டமின் டி போதுமானது என்று முடிவுகட்டக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

இனி தட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். அதே அளவு கேழ்வரகில் 300க்கும் மேல். நம் பகுதியில் ஒரு தலைமுறைக்கு முன் தினமும் காலையில் குடித்த கேழ்வரகுக் கூழ் இன்று பல வீடுகளில் ஆடி மாதத்து மாரியம்மன் கோயில் அண்டாவோடு நின்றுவிட்டது. இரவு கரைத்துப் புளிக்கவிடும் அந்தப் பழைய முறைக்கு அறிவியல் காரணமும் உண்டு. புளிப்பில் ஃபைட்டேட் குறையும். வெங்காயத்தோடு ஒரு சொம்புக் கூழ், முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடு, எள், மோர், முருங்கைக்கீரை ஆகியவை எட்டாத பொருள்கள் அல்ல.

இங்கே ஒரு வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று சொல்லி, மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதைப் பரிமாற மாட்டார்கள். ஒரு வாரக் காய்ச்சல் மருந்துக்கு இது பெரிய இழப்பில்லை. இருபது ஆண்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கால்சியம் நிறைந்த ஒரு கீரையை இருபது ஆண்டும் தொடாமல் இருக்கிறார். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை; முருங்கைக்கீரையை வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டால் போதும்.

ஏன் கண்ணில் படுவதில்லை?

முதல் காரணம் மறைவு. 1999 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, திருமணத்துக்குத் தடையான நிலைகளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. சட்டத்திலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் மனத்திலிருந்து போகவில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பெண்ணுக்கு, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லும் சுதந்திரம் இல்லை.

இரண்டாவது, அறிகுறியின் சாதாரணத் தோற்றம். சம்மணமிட்டு உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. படி ஏறும்போது தொடை கனக்கும். விலாவும் இடுப்பும் வலிக்கும். நடை பக்கவாட்டில் அசையும். ஆஸ்டியோமலேசியாவின் முகம் இதுதான். நம் பேச்சில் இதற்கு வாயு, மூட்டுத் தேய்மானம், மாத்திரைச் சூடு என்று ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன. பெயர் இருப்பதால் விசாரணை நின்றுவிடுகிறது.

மூன்றாவது, துண்டு துண்டான மருத்துவம். வலிப்பு ஒரு வரிசையில், எலும்பு இன்னொரு வரிசையில். முறிவுக்குப் பலர் நேராகப் புத்தூர் கட்டு என்னும் நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் முறிந்த எலும்பு கூடியதும் கதை முடிகிறது. நாற்பது வயதில் இவ்வளவு லேசான விழுகைக்கு ஏன் முறிந்தது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்?

மும்பையில் நடந்து 2010இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளியான ஆய்வு நமக்கு மிகவும் வேண்டியது. ஃபெனிட்டாயினோ வால்ப்ரோயேட்டோ தொடங்கிய இந்தியர்களிடம் எலும்பு மென்மையாவதற்கான அறிகுறிகள் இரத்தத்தில் சீக்கிரமே தெரிந்தன. மருந்து தொடங்கும்போதே கால்சியமும் வைட்டமின் டியும் அன்றாடப் பரிந்துரை அளவில் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் அதைத் தடுக்க முடிந்தது. முறியும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்கு நம் நாட்டுச் சான்று இது. ஏற்கெனவே பல ஆண்டு மருந்து எடுத்தவர்களுக்கு அன்றாட அளவு போதாமல் போகலாம். லெபனானில் 2006இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,000 யூனிட் வைட்டமின் டி பெற்ற பெரியவர்களின் எலும்பு அடர்த்தி கூடியது. எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்கு ரிசட்ரோனேட் போன்ற மருந்துகள் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2013இல் வந்த சோதனையில், புதிதாக ஏற்பட்ட ஐந்து முதுகெலும்பு முறிவுகளும் அந்த மருந்து பெறாத பிரிவிலேயே நேர்ந்தன. பிரிட்டனின் மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2009லேயே, நீண்டகாலம் வலிப்பு மருந்து எடுக்கும், ஆபத்து கூடியவர்களுக்கு வைட்டமின் டி தருவதைப் பரிசீலிக்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

நடைமுறையில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை. இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்க்கலாமா. முடிந்தால் வைட்டமின் டி அளவும். ஐந்து ஆண்டுக்கு மேல் மருந்து எடுத்தவர், மாதவிடாய் நின்றவர், ஏற்கெனவே முறிவு கண்டவர் என்றால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா. வேறு மருந்துக்கு மாறலாமா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் லெவெடிராசெட்டாம் போன்ற புதிய மருந்துக்கு மாறினால் எலும்பு தானாகக் காக்கப்படும் என்று இன்றைய சான்றுகள் உறுதி தரவில்லை. வலிப்பு நன்றாக அடங்கியிருக்கும் ஒருவரிடம் மாற்றத்தின் ஆபத்தையும் மருத்துவர் எடை போட வேண்டியிருக்கும்.

சில எச்சரிக்கைகள். கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதப்படுவது. தினமும் என்று தவறாக எடுத்தால் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்சியம் மாத்திரையை ஃபெனிட்டாயினோடு சேர்த்து விழுங்கினால் வலிப்பு மருந்து உடம்பில் சேர்வது குறையலாம். இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். சாராயமும் பீடியும் எலும்பை அரிப்பவை. சாராயம் அடங்கிய வலிப்பையும் எழுப்பும். மதுக்கடை நெருங்கிய புதுச்சேரி கிராமங்களில் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம். வில்லியனூர் கொம்யூனின் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம் இருக்கிறது. கிராமந்தோறும் வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். வேண்டியது, மாதாந்திர மாத்திரை நோட்டில் எலும்புக்கென்று ஒரு கட்டம். மருந்து தொடங்கிய ஆண்டு, கடைசியாக இரத்தம் பார்த்த தேதி, கால்சியமும் வைட்டமின் டியும் தரப்படுகிறதா, எங்காவது முறிந்ததா. நான்கே வரிகள்.

அந்த நோட்டைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. மருந்து வழங்கும் வரிசையில் நிற்பவரை ஒரு நிமிடம் தரையில் உட்காரச் சொல்லி, "கையூன்றாம எழுந்திருங்க, பார்க்கலாம்" என்று சொல்வது. இருபது ஆண்டுகளாக வலிப்பு வருகிறதா என்று மட்டுமே கேட்கப்பட்ட ஒருவர் அன்று எழ முயல்வார். அவர் கை தரையைத் தேடினால், கசியும் மதகு எங்கே என்று நமக்குத் தெரிந்துவிடும்.